நிழலில் காய வேண்டிய துணி

பழங்காநத்தத்தில் அந்த ஒரு தெருவில் மட்டும் செல்லத்தாய் பூப்போட்டுக் கொடுத்த தலையணை உறைகள் இருபதுக்குக் குறையாமல் இருந்தன. கல்யாணமாகிப் போகிற பெண்ணின் சீர்ப்பெட்டியில் அவள் தைத்த உறை ஒரு ஜோடி இருக்க வேண்டும் என்று அந்தத் தெருவில் ஆகிவிட்டது. ரேடியோவுக்கு மூடி, மேஜைக்கு விரிப்பு, புதுக் குழந்தைக்குச் சட்டை என்று யார் எதைக் கேட்டாலும் மறுக்கமாட்டாள். எதுவும் வாங்கிக்கொள்ளவும் மாட்டாள். துணியைப் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு நிற்பார்களே, அந்த ஒரு நிமிஷம் அவளுக்குப் போதும். முன்பக்கத்தை அவர்கள் பார்த்து முடித்ததும் துணியைக் கையில் வாங்கி அவளே திருப்பிக் காட்டுவாள். பின்னால் ஒரு முடிச்சு தெரியாது, ஒரு நூல் தொங்காது.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கணவன் முத்திருளன் கூட்டுறவுப் பண்டக சாலையில் கிளார்க். பிள்ளைகள் இரண்டும் லீவுக்கு மாமன் வீட்டுக்குப் போயிருந்தன. மதுரையில் உலகத் தமிழ் மாநாடு நடந்த வருஷத்து மே மாதம் அது. டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னாலிருந்த ஒரு மாதர் சங்கத்தில் திங்கள் முதல் சனி வரை பெண்களுக்குத் துணிக் கைவேலை வகுப்பு நடத்தப்போவதாகத் தட்டி கட்டியிருந்தார்கள். பூத்தையல், முடிச்சுச் சாயம், ஒட்டுத்துணி, பாத்திக். தினமும் காலையில் மூன்று மணி நேரம். சனிக்கிழமை, செய்ததையெல்லாம் கூடத்தில் மாட்டி ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். தட்டியைப் படித்தபோதே செல்லத்தாய்க்கு அந்தச் சனிக்கிழமைதான் கண்ணில் நின்றது. தெருவுக்கு வெளியே இருப்பவர்களும் தன் துணியைப் பார்க்கட்டும் என்று உடனே பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முத்திருளனின் தங்கை சின்னத்தாய் ஊரிலிருந்து வந்து இறங்கினாள். உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரி நிலமும் ஆடு மாடுமாக இருக்கிற குடும்பத்தில் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் பட்டாளத்தில் வடக்கே இருந்தான். அவன் லீவில் வருகிறவரை மாமியார் வீட்டில் இருப்பவள், ஒரு வாரம் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டுப் போகலாமென்று வந்திருந்தாள். இருபத்து நான்கு வயது. நிறையச் சிரிப்பாள். முத்திருளன் அவளையும் வகுப்புக்குக் கூட்டிப் போகச் சொன்னான். செல்லத்தாய்க்கும் அது சந்தோஷமாகவே இருந்தது. பஸ்ஸில் பேச்சுத் துணை ஆயிற்று. இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. சின்னத்தாய்க்கு நேர்த்தையல்கூட வராது. அப்படி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தன் கை வேலை இன்னும் எடுப்பாகத் தெரியும்.

வகுப்பு நடத்த வந்தவள் ஸ்யாமளா என்ற பெண். ஓவியக் கல்லூரியில் படித்தவள், ஒத்தக்கடையில் புதிதாக வீடு கட்டிக் குடிபோன குடும்பம். செல்லத்தாயைவிட நாலைந்து வயது சின்னவளாகவே இருப்பாள். திங்கட்கிழமை ஆளுக்கொரு சதுரத் துணி கொடுத்தாள். செல்லத்தாய் பையிலிருந்து கார்பன் தாளையும் மாதிரித் தாள்களையும் எடுத்துப் பரப்பினாள். வருஷக்கணக்காகப் பத்திரிகைகளிலிருந்து கத்தரித்து பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்தவை அவை. ஜோடி அன்னம், ரோஜாக் கொத்து, கூடையில் திராட்சை.

ஸ்யாமளா வந்து பார்த்துவிட்டு அதையெல்லாம் திரும்பப் பையில் வைக்கச் சொன்னாள். இந்த வாரம் யாரும் எதையும் பார்த்து எடுக்கக் கூடாது, கண்ணால் பார்த்த ஒன்றை அவரவரே வரைய வேண்டும், கோணலாக வந்தாலும் பரவாயில்லை என்றாள்.

செல்லத்தாய் பென்சிலை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பார்த்த ஒன்று என்றால் எதை? அடுப்பைப் பார்க்கிறோம், குழாயடியைப் பார்க்கிறோம், அதையெல்லாமா துணியில் போடுவார்கள்? கடைசியில் கை பழகிய ரோஜாவையே வரைந்தாள். வரைந்ததும் தெம்பு வந்துவிட்டது. இதழுக்கு இதழ் சிவப்பை இறக்கிக்கொண்டே போய் ஓரத்தில் வெளிர் ரோஸாக முடித்தாள். ஸ்யாமளா அதைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தாள்.

"எனக்கு இந்த மாதிரி தைக்க வராதுங்க. சத்தியமா சொல்றேன். ஆனா இந்த ரோஜாவை நீங்க எங்க பாத்தீங்க?"

ரோஜாவை எல்லா இடத்திலும்தான் பார்க்கிறோம் என்றாள் செல்லத்தாய். ஸ்யாமளா விடவில்லை. எந்த ரோஜா, எந்தச் செடியில் என்று கேட்டாள். செல்லத்தாய் கையை நீட்டித் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

பக்கத்தில் சின்னத்தாய் துணியின் நடுவில் குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தாள். கோட்டுக்கு மேலே இரண்டு கொம்பு, கொஞ்சம் தள்ளி இரண்டு மூக்குத் துவாரம். அவ்வளவுதான். தையல் எறும்பு ஊர்ந்த மாதிரி அங்கும் இங்கும் இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்யாமளா ஒரு விநாடி பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கண்மாய்த் தண்ணீரில் முங்கிக் கிடக்கிற எருமை. மற்ற பெண்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கேலி துளியும் இல்லை. தெரிந்த ஆளை எதிர்பாராத இடத்தில் பார்த்தால் வருமே, அந்தச் சிரிப்பு. செல்லத்தாயும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்தபோது தாடை வலித்தது.

அன்று மத்தியானம் சாப்பிட வந்த முத்திருளன் அந்த எருமைத் துணியைப் பார்த்தான். தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தான். நம்ம ஊர்க் கண்மாயேதான் என்று சொல்லி, போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி அதை ரேடியோமேல் விரித்துத் தொங்கவிட்டான். ரேடியோவுக்கு மேலே செல்லத்தாய் ஒரு மாதம் உட்கார்ந்து தைத்த மூடி இருந்தது. மயில் போட்டது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அந்த மாதிரி எதையும் ஒருமுறை எடுத்துப் பார்த்ததில்லை. ரோஜாவை அவள் பையிலிருந்து வெளியிலேயே எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முடிச்சுச் சாயம். செல்லத்தாய் அளவுகோல் வைத்துப் புள்ளி குறித்து, ஒரே அளவாக நூற்றுக்கு மேல் முடிச்சுப் போட்டாள். சாயத்தில் முக்கிப் பிரித்தபோது வரிசை பிசகாத வட்டங்கள் வந்தன. கடையில் விற்கிற சேலைபோல இருந்தது. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், கடைச் சேலை மாதிரியே இருக்கிறது என்று. முந்தின நாள் வரை அது அவளுக்குப் பெரிய பாராட்டாக இருந்திருக்கும். சின்னத்தாய் வாசலுக்குப் போய்க் கூழாங்கல், புளியங்கொட்டை, உடைந்த ஓட்டுச் சில்லு என்று அள்ளிக்கொண்டு வந்து கண்ட கண்ட அளவில் கட்டினாள். பிரித்தபோது பெரிதும் சிறிதுமாக, மழை விழ ஆரம்பிக்கும்போது புழுதியில் தெரிகிற பொட்டுகள் மாதிரி வந்தது. ஸ்யாமளா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு எந்தப் பேச்சும் பேசாமல் நின்றாள். செல்லத்தாய்க்கு அந்த நிமிஷம் நன்றாகத் தெரியும். பார்ப்பவர்கள் பேச்சை நிறுத்துகிற நிமிஷம். இதுவரை அது தனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால், சின்னத்தாய்க்கு எதுவுமே தெரியவில்லை. "மதினி, இத எப்புடிக் கோக்குறது? உங்க கை மாதிரி எம்புட்டுச் செஞ்சாலும் எனக்கு வராது" என்று ஊசியை நீட்டிக்கொண்டு நிற்பாள். மனசாரத்தான் சொன்னாள். அவள் கொஞ்சம் கர்வப்பட்டிருந்தால் செல்லத்தாய்க்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கும். ஊசியில் நூலைக் கோத்துக் கொடுக்கும்போது, கொடுக்காமல் இருந்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. கொடுத்துவிட்டாள்.

புதன்கிழமை ஒட்டுத்துணி வேலையில் சின்னத்தாய் பழைய காக்கித் துணியையும் ஜாக்கெட் துண்டையும் வைத்துப் பஸ் ஸ்டாண்டில் மூட்டைமேல் தூங்குகிற ஒரு ஆளைச் செய்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் கூடப் படிக்கிற இரண்டு பெண்கள் செல்லத்தாயைத் தாண்டிக் குனிந்து சின்னத்தாயிடம் பேசினார்கள். நாளைக்கு என்ன போடப் போறே, எங்களுக்கும் ஒரு யோசனை சொல்லு என்று கேட்டார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த செல்லத்தாய் பையை மடியில் இறுக்கிக்கொண்டு முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தாள். இவளைக் கூட்டிக்கொண்டு போனது யார்? பெயர் கொடுத்தது யார்? நான் இல்லாவிட்டால் இந்நேரம் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருப்பாள். இப்படி நினைத்ததும் வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததே தவிர நினைப்பு போகவில்லை.

வியாழக்கிழமை பாத்திக். மண்ணெண்ணெய் அடுப்பில் மெழுகை உருக்கி, சாயம் ஏறக் கூடாத இடங்களில் பிரஷ்ஷால் பூச வேண்டும். பிறகு வெளிர் நிறத்தில் முக்கிக் காயவைத்து, மறுபடி மெழுகு பூசி, அடர்ந்த நிறத்தில் முக்க வேண்டும். கடைசியில் கொதிநீரில் போட்டால் மெழுகு கழன்று படம் நிற்கும். செல்லத்தாய் ஒரு அன்னம் வரைந்தாள். அதுவும் பழைய அன்னம்தான், கழுத்தைக் கொஞ்சம் மாற்றியிருந்தாள்.

சின்னத்தாய் ஒன்றரை கஜத் துணி முழுவதும் ஆடு வரைந்தாள். முதலில் பார்த்தால் வெறும் ஆட்டுத் தலைகள். காதும் கொம்புமாக நெருக்கியடித்துக்கொண்டு, ஒன்றின் முதுகில் ஒன்று மோவாயை வைத்துக்கொண்டு. பிறகுதான் நடுவில் ஒரு டவுன் பஸ் தெரியும். மந்தைக்குள் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் நிற்கிற பஸ். டிரைவரின் ஒரு கை மட்டும் ஜன்னலுக்கு வெளியே சலித்துப்போய்த் தொங்குகிறது. ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு முகம் இருந்தது. செல்லத்தாய் தன்னை மறந்து அதில் ஒரு ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். உசிலம்பட்டி ரோட்டில் அந்த ஆட்டை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். ஆனாலும் பென்சிலைப் பிடித்தபோது அது அவள் கைக்கு வரவே இல்லை.

"இதை சனிக்கிழமை நடுவில மாட்டுறோம். உள்ள நுழைஞ்சதும் கண்ணுல படணும்" என்றாள் ஸ்யாமளா.

வெளிர் மஞ்சளில் முக்கி எடுத்த துணிகளைச் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னத்தாய் மஞ்சள் ஏறிய கைகளைக் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தாள். அப்போதுதான் ஸ்யாமளா சொன்னாள். வீட்டுக்குக் கொண்டுபோய் நிழலில் மட்டும் காயப்போட வேண்டும், மதுரை வெயிலில் போட்டால் மெழுகு உருகிப் படமெல்லாம் ஒன்றாகிவிடும். செல்லத்தாய் வழக்கம்போல நோட்டில் எழுதிக்கொண்டாள். 'நிழலில் மட்டும்' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டாள். சின்னத்தாய் நோட்டு வைத்துக்கொள்வதில்லை. மதினியின் நோட்டு இருக்கிறதே என்று விட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றேகால். செல்லத்தாய் தன் துணியை உள் அறையில் கட்டியிருந்த கயிற்றில் போட்டுவிட்டு அரிவாள்மனையை எடுத்தாள். சின்னத்தாய் ஈரத் துணியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள்.

"மதினி, இத எங்க போட? மாடியில போடலாமா?"

மாடி மொட்டை மாடி. மே மாத மத்தியானம். செல்லத்தாய் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போடேன். வெயில் நல்லா அடிக்கிது. வெரசாக் காஞ்சிரும்."

"உங்களது உள்ள கெடக்கே?"

"எம் துணி பஸ்ஸுலயே பாதி காஞ்சிருச்சு."

சின்னத்தாய் மாடிப்படி ஏறிப் போகிற சத்தம் கேட்டது. கொடிக் கம்பியை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. சூடு தாங்காமல் குதித்துக் குதித்து நடக்கிறாள். பிறகு இறங்கி வந்து, கால் பொத்துப்போகும்போல என்று சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்துவிட்டு, சிமெண்டுத் தரையில் படுத்துக் கண்ணயர்ந்துவிட்டாள்.

செல்லத்தாய் கத்தரிக்காய் நறுக்கினாள். எழுந்து போனால் பதினாலு படி. துணியை எடுத்து உள்ளே போட்டுவிட்டு, மறந்துபோய்ச் சொல்லிவிட்டேன் என்றால் முடிந்தது. இந்தக் காயை நறுக்கிவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். நறுக்கினாள். குழம்பைக் கூட்டிவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். கூட்டினாள். முத்திருளன் வந்தான், சோறு போட்டாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே சனிக்கிழமை நானும் வாரேன், சின்னத்தாயி துணியை மாட்டுறாங்களாமே என்றான். செல்லத்தாய் அவனுக்கு மோர் ஊற்றினாள். எழுந்திருக்கவில்லை. பிற்பாடு பல நாள் யோசித்துப் பார்த்தபோது, வாயிலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தையைவிட அந்த ஒன்றே முக்கால் மணி நேரம்தான் அவளை அதிகமாக வதைத்தது. வார்த்தை தவறி வரலாம். உட்கார்ந்திருப்பது தவறி வராது.

மூன்று மணிக்குச் சின்னத்தாய் எழுந்து மாடிக்குப் போனாள். பிறகு துணியின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி வந்தாள்.

"ஆடெல்லாம் போயிருச்சு மதினி."

மெழுகு உருகி இழையோடு இழையாகப் பரவியிருந்தது. முகங்கள் இல்லை. கொம்பு ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தது. பஸ் எது மந்தை எது என்று தெரியாமல் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஒரே மங்கலாக இருந்தது. தரையில் சொட்டிய மெழுகை மிதித்துவிட்டு வந்திருந்தாள். காலில் ஒட்டியிருந்தது. செல்லத்தாய் கையை உதறிக்கொண்டு எழுந்து, மெழுகு உருகுமென்று தோணலையே, பாவி நான் ஒருத்தி என்று புலம்பினாள். புலம்பல் நன்றாகவே வந்தது. சின்னத்தாய் அவளைத் தேற்றினாள். உங்களுக்கும் இது புதுசுதானே, நீங்க என்ன செய்வீங்க என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் மஞ்சள் சாயம் இன்னும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்யாமளா துணியை விரித்ததும் நெற்றியைச் சுளித்தாள். வெயிலில போட்டீங்களா என்று கேட்டாள். நேற்று அவ்வளவு சொன்னேனே என்றாள். பிறகு செல்லத்தாயைப் பார்த்து, "நீங்ககூட நோட்டுல எழுதிக்கிட்டீங்களே" என்றாள்.

நோட்டு மேஜைமேல் கிடந்தது. சின்னத்தாயின் பார்வை அதன்மேல் போய் நின்றது. அவள் அதை எடுக்கவில்லை. திறக்கவும் இல்லை. செல்லத்தாய்க்குக் காது இரண்டும் சுட்டது. ஏதாவது சொல்லலாமென்று வாயைத் திறப்பதற்குள் சின்னத்தாய் சொல்லிவிட்டாள்.

"மதினிக்குத் தெரியாது டீச்சர். நாந்தான் யாரையும் கேக்காமப் போட்டுட்டேன்."

அன்று வகுப்பு முழுவதும் அவள் அந்தத் துணியோடு மல்லுக்கட்டினாள். மேலே மறுபடி மெழுகைப் பூசி ஆடுகளை மீட்கப் பார்த்தாள். கருநீலத்தில் முக்கி எடுத்தபோது அங்கங்கே திட்டுத் திட்டாக ஏறி, படம் இன்னும் மோசமாயிற்று. புதிதாக ஆரம்பிக்க நேரமில்லை. ஸ்யாமளா அவள் தோளைத் தட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனாள். சின்னத்தாய் துணியை நாலாக மடித்துப் பையின் அடியில் வைத்தாள். செல்லத்தாயிடம் பேசினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் புதன்கிழமை ஒட்டுத்துணியின் ஓரத்தைத் தைத்து முடிக்க உட்கார்ந்தபோது, ஊசியில் நூல் கோக்க அவளிடம் கொடுக்கவில்லை. வாயில் நனைத்து நனைத்துத் தானே கோத்தாள்.

சனிக்கிழமை கூடத்தின் நடுவில் செல்லத்தாயின் ரோஜா மாட்டப்பட்டிருந்தது. கீழே 'மிக நேர்த்தியான கைவேலை' என்று ஒரு அட்டை. நிறையப் பேர் வந்தார்கள். ஆபீசர் மனைவிகள், டீச்சர்கள், கல்லூரிப் பெண்கள். அதன் முன்னால் நின்றார்கள், பேச்சை நிறுத்தினார்கள். அவள் ஒரு வாரமாக ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்தது. அங்கே நின்று எல்லோருக்கும் அதைக் காட்டிக்கொண்டிருந்தது சின்னத்தாய். "இது எங்க மதினி போட்டது. பின்பக்கம் பாருங்க, முடிச்சே இருக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் குத்தல் இல்லை. உள்ளதைச் சொல்லுகிற குரல். முத்திருளன் சுற்றிச் சுற்றி வந்து ஆட்டுத் துணியைத் தேடினான். செல்லத்தாய் சுவரோடு ஒட்டி நின்றாள். யாரோ வந்து பாராட்டினார்கள், என்ன சொன்னார்கள் என்று அவள் காதில் விழவில்லை.

அன்று சாயங்காலமே சின்னத்தாய் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுப் போ என்று அண்ணன் சொன்னதை அவள் கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிடச் செல்லத்தாய் போனாள். உசிலம்பட்டி வண்டி இன்னும் எடுக்கவில்லை. இருவரும் நிழலில் நின்றார்கள்.

"அந்த நோட்ட நேத்து வீட்டுல எடுத்துப் பாத்தேன் மதினி. கீழ ரெண்டு கோடு போட்டிருந்தீங்க."

பொய் சொல்ல இப்போதும் வழி இருந்தது. அவசரத்தில் மறந்துவிட்டது என்றால் சின்னத்தாய் நம்பினாலும் நம்புவாள். செல்லத்தாய்க்கு அலுத்துப்போயிருந்தது.

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

"எதுக்கு?"

"பொறாமை. வேற என்ன."

சின்னத்தாய் அவளையே பார்த்தாள். "எம் மேலயா? ஒரு தையல் எனக்கு நேரா வராது."

"பதினஞ்சு வருசமாத் தைக்கிறேன். எம் துணியப் பாத்து ஒருத்தரும் அப்புடிச் சிரிச்சதில்ல. உங்கண்ணன் சிரிச்சதில்ல. நீ ஒரே நாள்ல ரெண்டு கொம்பப் போட்டுட்டு…"

கண்டக்டர் விசில் கொடுத்தான். சின்னத்தாய் பையை எடுத்துக்கொண்டாள்.

"நீங்களே கத்திரிக்கோல வச்சுக் கிழிச்சுப் போட்டிருந்தாக்கூட, சரி போகட்டும்னு விட்டிருப்பேன். என்னையவே மாடி ஏற வச்சு, எங் கையாலயே காயப்போட வச்சீங்களே மதினி. அதுதான் எனக்கு ஆற மாட்டேங்கிது."

ஏறினாள். செல்லத்தாய் நின்ற பக்கத்து ஜன்னல் காலியாக இருந்தும் எதிர்ப்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

ஆடிக்கு அவள் வரவில்லை. முத்திருளன் போட்ட கார்டுக்கு மழை பெய்ததா இல்லையா என்று மட்டும் பதில் வந்தது. செல்லத்தாய் யாருக்கும் பூப்போட்டுக் கொடுக்கவில்லை, கண்ணில் தண்ணீர் வடிகிறது என்று சாக்குச் சொன்னாள். ஆவணியில் ஒருநாள் கணவனிடம் நடந்ததைச் சொல்லிவிட்டாள். அவன் திட்டவில்லை. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், இதை நான் போய்ச் சரிசெய்ய முடியாது, நீயே போ என்றான்.

அவள் முதலில் ஒத்தக்கடைக்குப் போய் ஸ்யாமளாவின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தாள். அங்கேயும் மறைக்காமல் சொன்னாள். ஸ்யாமளா கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் உள்ளே போய் மெழுகுக் கட்டியும் சாயப் பொட்டலங்களும் எடுத்து வந்து, எதற்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். செல்லத்தாய் ஆறு கஜம் பருத்தித் துணி எடுத்து, கஞ்சி போக மூன்று தடவை அலசிக் காயவைத்து, எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறினாள்.

சின்னத்தாய் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். "வாங்க மதினி" என்றாள். கை கழுவிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாமியார் சோணையம்மாள் அருகிலேயே இருந்ததால் வேறு பேச்சுக்கு இடமில்லை. பொட்டலத்தை வாங்கிப் பிரிக்காமல் உள்ளே வைத்துவிட்டு வந்தாள். சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பு, மதினிக்குப் பிடிக்கும் என்று தெரிந்து வைத்ததுதான். ஆனாலும் பஸ்ஸுக்கு வந்து நின்றபோது, அண்ணனைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாளே தவிர, நீங்கள் மறுபடி வாங்க என்று சொல்லவில்லை. திரும்பும் வழியெல்லாம் செல்லத்தாய் ரோட்டில் வந்த ஆடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தை மாதம், பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், சின்னத்தாய் முன்னறிவிப்பில்லாமல் வந்தாள். புருஷன் லீவில் வந்திருந்தான், அவனும் கூட வந்தான். பையிலிருந்து ஒரு துணியை எடுத்து முத்திருளன் கையில் கொடுத்தாள். அவன் பிரித்துக் கூடத்தில் கொடியில் போட்டான்.

ஆடு இல்லை, பஸ் இல்லை. மாட்டுச் சந்தையைப் போட்டிருந்தாள், அதுவும் பின்பக்கமிருந்து. வரிசையாகக் கட்டிக் கிடக்கிற காளைகளின் பின்புறங்கள், பதினைந்து இருபது வால்கள், ஒவ்வொன்றும் ஒரு திசையில். அவற்றுக்கு இடையில் பேரம் பேசுகிறவர்களின் கால்கள் மட்டும். மெழுகு வெடித்த இடங்களில் கருநீலச் சாயம் இறங்கி இழை இழையாக ஓடி, சந்தைப் புழுதியையே பார்ப்பதுபோல இருந்தது. முத்திருளன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டான். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். செல்லத்தாயிடம் தலையணை உறை வாங்கிப்போன பெண்களும் வந்து, அவளைத் தாண்டி நின்று பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு சின்னத்தாய் அவள் பக்கம் திரும்பினாள். "எப்புடியிருக்கு மதினி?"

செல்லத்தாய்க்குப் பழைய பொறாமை கிளம்பிக்கொண்டுதான் இருந்தது. எட்டு மாதத்தில் அது குறைந்திருக்கும் என்று நினைத்திருந்தாள். குறையவில்லை.

"நல்லாருக்கு" என்றாள். "எனக்கு வயிறெரியுது."

சின்னத்தாய் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். மே மாதத்துக்குப் பிறகு மதினியைப் பார்த்து அவள் சிரித்தது அப்போதுதான்.

"எரியட்டும். இன்னுங் கொஞ்ச நாளைக்கு எரியட்டும்" என்று சொல்லிவிட்டுத் துணியைக் கொடியிலிருந்து எடுத்தாள். "ஓரமெல்லாம் பிசிறா நிக்கிது. மடிச்சுத் தச்சுக் குடுங்க. நாளைக்குக் காலையில வண்டி."

செல்லத்தாய் துணியை மடியில் போட்டுக்கொண்டு வெளிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்தாள். நாலு ஓரமும் மடித்து, நெருக்கி நெருக்கித் தைத்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு வாலைத் தாண்டும்போதும், இது எனக்குத் தோணவில்லையே என்று இருந்தது. சமையற்கட்டில் சின்னத்தாய் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தாள். செல்லத்தாய் நூலைக் கடித்து அறுத்துவிட்டு அடுத்த ஓரத்துக்குத் திரும்பினாள்.